வலிக்கிறதா என்று கேளுங்கள்: மனநோயோடு வாழும் ஒருவரைத் தற்கொலை எண்ணத்திலிருந்து காப்பதற்கான வழிகாட்டி

இதை வாசிக்கும் இந்த நேரத்திலேயே உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் அழுத்திக்கொண்டிருந்தால், மீதியைப் பிறகு வாசிக்கலாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும், சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044 24640050 என்ற எண்ணும் உண்டு. இலங்கையில் 1926. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108ஐயும், இலங்கையில் 1990ஐயும் அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் என்று கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் தினமும் ஒலித்த கேள்வி ஒன்றுதான்: "மாத்திரை போட்டியா?" அம்மா கேட்பார், அப்பா கேட்பார், வெளியூரிலிருந்து தொலைபேசியில் நானும் கேட்பேன். விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மாலையில், மொட்டை மாடியில் இருவரும் கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது, சரியாகக் காயாத ஒரு துண்டை அவன் கையில் எடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து இறுக முறுக்கிக் காட்டி, "அக்கா, உள்ளே இப்படித்தான் இருக்கு. காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி வரைக்கும்" என்றான். யாரும் பேசாதபோதும் அவன் காதில் கேட்கும் குரல்கள் அப்போது ஓரளவு அடங்கியிருந்தன. தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது. தேறிவிட்டான் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அதுவரை அந்த வலியைப் பற்றி வீட்டில் ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை.

மனநோய் உள்ளவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தார் அந்தக் கேள்வியை எப்போது, எப்படிக் கேட்பது, பதில் வந்தபின் என்ன செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன். இது மருத்துவரின் இடத்தை நிரப்பாது. ஆனால் மருத்துவர் அவரைப் பார்ப்பது மாதத்துக்குப் பத்து நிமிடம்; மற்ற நேரமெல்லாம் அவர் நம்மோடுதான் இருக்கிறார்.

மனவலி என்பது எது

1958இல் லாஸ் ஏஞ்சலிஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், 1993இல் இந்த வலிக்கென்றே 'சைக்கேக்' என்ற சொல்லை உருவாக்கினார். வெட்கம், குற்றவுணர்வு, அவமானம், தனிமை, அச்சம் ஆகியவை மனத்துக்குள் மூட்டும் தாங்க முடியாத வேதனையையே அவர் அப்படி அழைத்தார். நோயின் பெயர் எதுவாக இருந்தாலும், இந்த வேதனை ஒருவர் தாங்கும் எல்லையைத் தாண்டும்போதுதான் சாவைப் பற்றிய எண்ணம் எழுகிறது என்பதும், அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் அவருடைய வாதம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் கேள்வித்தாள்களைக் கொண்டு இந்த வலியை அளந்து பார்த்தார்கள். மனச்சோர்வின் அளவையும் நம்பிக்கையிழப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், வலிக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் உள்ள தொடர்பு நீடிப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. தூக்கமும் பசியும் திரும்பிவிட்டதை வைத்து ஆபத்து நீங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது என்பது இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இந்த வலியைச் சொல்லத் தமிழில் புதிய சொல் எதுவும் வேண்டியதில்லை. "மனசு வலிக்குது", "நெஞ்சு அடைக்குது", "உள்ள எரியுது", "பாரமா இருக்கு" என்று நம் வீடுகளில் தினமும் சொல்கிறார்கள். கேட்கும் நாம்தான் அதை மிகைப்பேச்சு என்று தள்ளிவிடுகிறோம். அல்லது நெஞ்சு வலி என்று இதய மருத்துவரிடம் அழைத்துப்போய், ஈசிஜி எடுத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, எல்லாம் நார்மல்" என்ற சொல்லோடு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம்.

ஒவ்வொரு நோயிலும் வலி வெவ்வேறு முகம் காட்டும். கடும் மனச்சோர்வில் அது பெரும்பாலும் குற்றவுணர்வாக வரும்: "நான் இல்லேன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி." இந்தச் சொல்லை ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாற்றில், துயரமும் படபடப்பான வேகமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும் நாட்கள் மிகவும் ஆபத்தானவை. வேதனையில் இருப்பவருக்கு அதன்மேல் செயல்படும் விசையும் அப்போது கிடைத்துவிடுகிறது. பார்டர்லைன் எனப்படும் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கு வலி அலைபோல் எழுந்து சில மணி நேரத்தில் தணியும். அதனாலேயே "நடிக்கிறாள்" என்ற பழிச்சொல் அவர்கள்மேல் விழுகிறது. நடிப்பு அல்ல, அந்தச் சில மணி நேரம் உண்மையிலேயே தாங்க முடியாதது.

மனச்சிதைவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் தற்கொலையால் இறக்கிறார் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. பத்தொன்பது பேர் அப்படி இறப்பதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஆபத்து மிகுதியாக இருப்பது நோயின் முதல் சில ஆண்டுகளில். சாகச் சொல்லி ஆணையிடும் குரல்கள் அதற்கு ஒரு காரணம், "குரல் உன்னை எதாவது செய்யச் சொல்லுதா?" என்று நேராகவே கேட்க வேண்டும். ஆனால் குரல்கள் அடங்கித் தெளிவு திரும்பும் காலமும் ஆபத்தானதே. உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், கல்யாணம் முடித்துவிட்டார்கள், தான் மட்டும் நின்றுவிட்டோம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. தம்பி துண்டை முறுக்கிக் காட்டியது அப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான். அந்த வாரம் அவனுடைய கல்லூரி நண்பனின் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது.

எப்படிக் கேட்பது

எதிரெதிரே உட்கார்ந்து விசாரணைபோலக் கேட்காதீர்கள். கீரை ஆயும்போதோ, துணி மடிக்கும்போதோ, தெருமுனைவரை நடந்து போகும்போதோ, கண்ணும் கையும் வேறொன்றில் இருக்கும் நேரத்தில் பேச்சு எளிதாக வரும். மற்றவர் காதில் விழாத இடமாகவும், நீங்கள் உடனே எழுந்துபோக வேண்டியிராத நேரமாகவும் இருக்கட்டும்.

முதலில் வலியைக் கேளுங்கள். "மனசு வலிக்குதா? எங்க வலிக்குது, எப்படி வலிக்குது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வர நேரமாகலாம். அந்த மௌனத்தை உங்கள் அறிவுரையால் நிரப்பாதீர்கள். அடுத்து அளவு: வலியே இல்லை என்பதற்குப் பூஜ்யம், இனி ஒரு நொடியும் தாங்க முடியாது என்பதற்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் இன்று எத்தனை? இந்த எண்ணுக்குத் தனியான மதிப்பு இல்லை. ஒருவருடைய ஐந்து இன்னொருவருடைய எட்டாக இருக்கலாம். நேற்றைய எண்ணோடும் போன வாரத்து எண்ணோடும் ஒப்பிடும்போதுதான் அது பேசத் தொடங்கும். ஆகவே தேதியோடு குறித்து வையுங்கள்.

பிறகு சாவைப் பற்றியும் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு; எனக்கும் இருந்தது. கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. பலருக்குக் கேட்கப்பட்டதே ஆறுதலாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "வலி ரொம்ப அதிகமாகும்போது செத்துடலாம்னு தோணுதா?" "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வி "இல்லை" என்ற பதிலைத் தானே கையில் கொடுத்துவிடுகிறது.

"தோணுது" என்று சொன்னால் பதறாமல் மேலே கேளுங்கள். எப்போதாவது வருகிறதா, விடாமல் வருகிறதா? எப்படி என்றுகூட யோசித்ததுண்டா? அதற்கு வேண்டியது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? நாள் எதுவும் மனத்தில் வைத்திருக்கிறாரா? முன்பு முயன்றதுண்டா? விலகிப்போன ஒரு எண்ணத்துக்கும், வழியும் நேரமும் முடிவான எண்ணத்துக்கும் தூரம் அதிகம். பின்னது இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முன்பு ஒருமுறை முயன்றவருக்கு ஆபத்து எப்போதும் கூடுதல். "மிரட்டத்தானே செய்தான்" என்று அந்தப் பழைய முயற்சியைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள்.

வாயில் தானாக வந்துவிடும் சில சொற்களை விழுங்கப் பழக வேண்டும். "உனக்கு என்ன குறை?" என்று கேட்டால் வலியோடு குற்றவுணர்வும் சேர்கிறது. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றால், அவரைவிட அந்த நாலு பேர் நமக்கு முக்கியம் என்று அவர் புரிந்துகொள்கிறார். எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டில் தவறாகப் போனது சத்தியம் வாங்கியதுதான். "என் தலையில் அடிச்சுச் சத்தியம் பண்ணு, இனிமே இப்படி நினைக்க மாட்டேன்னு" என்று அம்மா அழுதார்; அவனும் செய்தான். மறுபடி எண்ணம் வந்தபோது, சொன்னால் அம்மாவுக்குச் செய்த சத்தியம் பொய்யாகிவிடும் என்று மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இப்படி வாங்கும் உறுதிமொழிகள் உயிரைக் காக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை. "நினைக்காதே" என்று சொல்வதற்குப் பதிலாக, "நினைப்பு வந்தா எத்தனை மணியானாலும் என்னை எழுப்பு" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதை அவரிடமே வெளிப்படையாகக் கூறிவிடுங்கள்.

கண்ணை மூடாமல் பார்க்க வேண்டிய நாட்கள்

மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரமும், அதைத் தொடர்ந்த மூன்று மாதங்களும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை. குணமாகி வந்துவிட்டார் என்று குடும்பம் மூச்சுவிடும் நேரமும் அதுதான். திரும்பும் நாளுக்கு முன்பே, முதல் மறுபரிசோதனை ஏழு நாட்களுக்குள் இருக்கும்படி தேதி வாங்கிவிடுங்கள்.

மருந்து தொடங்கும்போதும் மாற்றும்போதும் கவனம் வேண்டும். மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறார்களுக்கும், 2007இல் இருபத்து நான்கு வயதுவரை உள்ள இளையோருக்கும் இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடச் செய்தது. மருந்தை நிறுத்துவதற்கான காரணமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாரங்களில் அடிக்கடி பார்ப்பதற்கான காரணம் இது. மனச்சிதைவு மருந்துகள் சிலவற்றால், ஓரிடத்தில் உட்காரவும் படுக்கவும் முடியாத பரபரப்பு கால்களில் தொடங்கி உடல் முழுக்கப் பரவும். நோய் முற்றிவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் அது பக்கவிளைவு, மருத்துவரால் சரிசெய்யக்கூடியது, ஆனால் தாங்கிக்கொள்வது மிகக் கடினம். உடனே தெரிவியுங்கள்.

இவற்றோடு, தொடர்ந்து சில இரவுகள் தூக்கம் கெடுதல், மது கூடுதல், பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுத்தல், நெடுநாள் துயரத்துக்குப் பின் காரணமில்லாமல் வரும் திடீர் அமைதி ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. பெண் பார்க்கப் போன இடத்தில் நோயைக் காரணம் காட்டித் தட்டிக்கழித்த நாளின் இரவையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன்.

வீட்டைப் பாதுகாப்பாக்குதல்

தீவிரமான உந்துதல் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பிவிடும். ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுவார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறு. இலங்கை 1995 முதல் மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. அங்கே தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு குறைந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தபோதும் நல்ல பலன் தெரிந்தது.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். வயல் வேலை உள்ள வீடு என்றால் பூச்சிமருந்து ஒரு நாளும் வீட்டுக்குள் வரக் கூடாது. உறவினர் கொட்டகையிலோ பங்காளி வீட்டிலோ பூட்டி வையுங்கள், தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மாத்திரைகளில், அவருடையது மட்டுமல்லாமல் அப்பாவின் சர்க்கரை மாத்திரை, பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பூட்டுங்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவதை விட்டு, ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். மீந்துபோன பழைய அட்டைகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள். அவர் வேறொரு வழியைச் சொல்லியிருந்தால் அதற்கானதையும் அகற்றுங்கள். இதையெல்லாம் ரகசியமாகச் செய்தால் அவமானமாக உணர்வார். "வலி அதிகமான நேரத்தில் உனக்கும் இதுக்கும் நடுவுல கொஞ்சம் தூரம் இருக்கட்டும்னு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டே செய்யுங்கள்.

ஒரு தாளில் எழுதி வைத்தல்

பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் என்ற முறை, ஒரே தாளில் அடங்கிவிடக்கூடியது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதையும் தொலைபேசித் தொடர்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் சுமார் 45 விழுக்காடு குறைவாக இருந்தன என்று 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வலி தணிந்திருக்கும் ஒரு நாளில், அவருடைய சொற்களிலேயே, அவருடைய கையெழுத்திலேயே எழுத வேண்டும். நாம் எழுதிக் கொடுத்தால் அது நம்முடைய தாளாகிவிடும்.

முதலில் தனக்கான எச்சரிக்கை அறிகுறி. அடுத்து, யாருடைய உதவியும் இல்லாமல் தானே செய்யக்கூடியவை. பிறகு மனத்தைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும். அதன்பின் வலியை வெளிப்படையாகச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள். மருத்துவர், உதவி எண்கள். வீட்டைப் பாதுகாப்பாக்கச் செய்ய வேண்டியவை. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்ததற்குப் போக வேண்டும். நிலைமை கடுமையாக இருந்தால் நேராக உதவி எண்ணுக்கே போய்விடலாம். என் தம்பியின் தாளில் முதல் வரி, "டீ ஆறிப்போறது தெரியாம உட்கார்ந்திருப்பேன்" என்பது. அதைப் படிக்கும்வரை, பாலாடை படிந்த அந்த டம்ளர் எங்களுக்கு ஒரு செய்தியாகத் தெரிந்ததே இல்லை. தானே செய்யக்கூடியவற்றில், "தலைக்குத் தண்ணி ஊத்திக்குவேன், மாடில நடப்பேன், இளையராஜா கேட்பேன், சோகப் பாட்டு வேண்டாம்" என்று எழுதியிருந்தான். தாளைப் படம் பிடித்து அவன் செல்போனிலும் எங்கள் மூவரின் செல்போனிலும் வைத்திருக்கிறோம்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

குறித்து வைத்த வலி எண்களை முதலில் காட்டுங்கள். "நல்லா இருக்கான் டாக்டர்" என்று தொடங்கினால் பத்து நிமிடமும் அதிலேயே முடிந்துவிடும். நோயாளியும் குடும்பமும் தனித்தனியே பேச நேரம் கேளுங்கள். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் தனிச் சான்று உள்ள மருந்துகள் உண்டு: மனநிலைக் கோளாறுகளுக்கு லித்தியம், மனச்சிதைவுக்குக் குளோசாபின். இரண்டுக்கும் முறையான இரத்தப் பரிசோதனை தேவை. இவை நம்மவருக்குப் பொருந்துமா என்று கேட்பதில் தவறில்லை. மிகக் கடுமையான மனச்சோர்வில் மின் அதிர்வு சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், சினிமாவில் பார்த்ததை வைத்து மறுத்துவிடாதீர்கள். இன்று அது மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படுகிறது, விரைவாகப் பலன் தருகிறது. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவது அவருக்கு ஆறுதல் என்றால் போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்பட்டாலொழிய, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தில் இல்லை. மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்தால் சிகிச்சை தவறிப்போகும்.

முயற்சிக்குப் பின்

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய ஓர் ஆய்வில் சென்னையும் கொழும்பும் இருந்தன. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். பெரிய கருவிகள் எதுவும் அதில் பயன்படவில்லை, மறக்காமல் கேட்டார்கள்.

அதையே நாம் வீட்டிலும் உறவிலும் செய்யலாம். வீடு திரும்பிய பின் ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்றாம் வாரங்களிலும், பிறகு நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்களிலும் அவர்கள் தொடர்புகொண்டார்கள். அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டமிட்டு, யார் அழைப்பது என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். அழைப்பவர் மாமாவாகவோ பழைய நண்பனாகவோ இருப்பது நல்லது. வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லக்கூடும்.

கவனித்துக்கொள்ளும் உங்களுக்கும் வலி உண்டு. இரவுக் காவலை ஒரே ஆள் சுமக்கக் கூடாது. எத்தனை கவனமாக இருந்தும் சில உயிர்களைக் காக்க முடியாமல் போகிறது, அது உங்கள் குற்றம் ஆகாது. 14416 எண் குடும்பத்தாருக்கும் உரியது. நான் இரண்டு முறை எனக்காகவே அழைத்திருக்கிறேன்.

இப்போது தம்பியே சாயங்கால டீயின்போது எண்ணைச் சொல்லிவிடுகிறான். "இன்னிக்கு நாலுக்கா" என்றால் நாலுதான். நாங்கள் அதைப் பற்றி மேலும் துருவுவதில்லை. ஏழு என்று சொல்லும் நாளில் மருந்துப் பெட்டியின் சாவி கீழ் வீட்டுச் சித்தியிடம் போய்விடும், அவன் அறையில் எனக்கு ஒரு பாய் விரிபடும், காலை ஏழரைக்கு ஓபி சீட்டு வாங்க அப்பா வரிசையில் நிற்பார்.